கை தூக்காத கூட்டம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீ மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அபார்ட்மென்ட் சங்கத்தில் லிஃப்ட் விவகாரம் ஓட்டெடுப்புக்குப் போய், தோற்ற கோஷ்டி மெயின்டனன்ஸ் கட்ட மாட்டோம் என்று நிற்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

எனக்கும் இங்கே ஒரு பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. ஞாயிறுதோறும் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேனே, மௌனமாக உட்கார்ந்து வழிபடும் கிறிஸ்தவப் பிரிவான அந்தக் குவேக்கர் கூட்டத்துக்கு என்னைக் கிளார்க், அதாவது கூட்டத்தை நடத்தி முடிவை எழுதுகிறவர், ஆக்கிவிட்டார்கள். சம்பளமில்லை, மூன்று வருஷம். பாதிரியார் கிடையாது என்பதால் கூரை ஒழுகினாலும் கல்யாணம் வந்தாலும் எல்லாம் நாங்கள்தான். வழிபாட்டைக் கவனிக்க எல்டர்கள் உண்டு. உடம்புக்கு முடியாதவர்களைப் போய் விசாரிக்க ஓவர்சீயர்கள். அந்தப் பேரைக் கேட்டால் நமக்கு ரோடு போடுகிறவர்தான் ஞாபகம் வருவார். அடிமைத் தோட்டங்களில் சாட்டையோடு நின்றவனுக்கும் அதே பெயர் என்பதால் பல இடங்களில் இப்போது அதை மாற்றிவிட்டார்கள்.

மாதாந்திர நிர்வாகக் கூட்டமும் மௌனத்தில்தான் தொடங்கும். ஓட்டே இல்லை. ஒருவர் பேசி முடித்தால் சற்று இடைவெளி விட்டுத்தான் அடுத்தவர் எழ வேண்டும். பேச்செல்லாம் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, கிளார்க் அங்கேயே மினிட், அதாவது முடிவுக் குறிப்பு, எழுதி வாசிக்க வேண்டும். ஏற்கிறீர்களா என்று கேட்டால், ‘ஹோப் ஸோ’ என்பார்கள். ஆமாம் என்று அடித்துச் சொல்வதில்லை, அப்படித்தான் என்று நம்புகிறோம், அவ்வளவுதான்.

போன மாதம் பழைய மர பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலி போடலாமா என்ற பேச்சு வந்தது. இருபது பேர், பாதிப் பேருக்கு முதுகுவலி. எண்பது தாண்டிய ஒரு பாட்டி மட்டும் எழுந்து, “என் வீட்டுக்காரர் அந்த ஜன்னலோர பெஞ்சில்தான் உட்காருவார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் பேனாவை எடுத்தேன், ஓடவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருக்கிறார்கள், ஹீட்டர் மட்டும் டிக் டிக்கென்கிறது. ‘நாற்காலி வாங்க முடிவு செய்கிறோம், சிலருக்கு வருத்தம்’ என்று எழுதி வாசித்தேன். ஒருவர் எழுந்தார். “சிலர் இல்லை, ஒருவர். ஆனால் நாம் இன்னும் முடிவுக்கு வரவில்லை.” நாற்காலி வேண்டுமென்று முதலில் கேட்டவரே அவர்தான்! எழுதியதை அடித்துவிட்டு, அடுத்த மாதம் பார்ப்போம் என்று எழுதினேன்.

எனக்கு எரிச்சல்தான். பத்தொன்பதுக்கு ஒன்று, கை தூக்கச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டி பக்கத்தில்தானே போய் உட்கார வேண்டும்? 1666இல் ஸ்கார்பரோ சிறையிலிருந்து வெளியே வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ், குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கியவர், ஊர் ஊராகப் போய் மாதக் கூட்டங்களை நிறுவினார். அன்று தொடங்கிய பழக்கம் இது. 2009இல் யார்க்கில் கூடிய பிரிட்டன் குவேக்கர்கள் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றதும் ஓட்டில்லாமல்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குச் சட்டம் வந்தது 2013இல். இந்த முறையில் சோம்பலும் சுகமாக ஒளிந்துகொள்ளும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இந்த மாதமும் தள்ளிப்போட்டாயிற்று. பாட்டி எனக்கு எலுமிச்சை கேக் கொண்டுவந்தார், லஞ்சமா என்று தெரியவில்லை.

லிஃப்ட் ஓடுகிறதா? அதுவரை படியில் பார்த்து ஏறு.

உன்,
பழைய ரூம்மேட்