பொத்தென்று ஒலித்த கல்லும் ஹெஜ்ஜேனும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கனகபுரா சாலையில் ஹாரோஹள்ளிக்கு அப்பால், ராகிக் கொல்லைக்குப் பின்னால் நிற்கிற அந்தச் சின்னப் பாறையில் நாங்கள் கயிறு போட்டு ஏறும் நான்கு ரூட்டுகளும் (ஏறு வழிகளும்) புது போல்ட்டுக்கு, அதாவது கயிற்றைத் தாங்கக் கல்லில் இறக்கும் திருகாணிக்கு, மாறிவிட்டன. மொத்தம் 30 போல்ட்: வழியில் 22, உச்சியில் கயிறு தொங்கும் ஆங்கர்களுக்கு 8. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘பண்டே’தான் (கன்னடத்தில் பாறை), வேறு பெயர் கிடையாது. இடத்தை இதற்கு மேல் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து கார் வந்து கொல்லை ஓரம் நின்றால் வேலிப்படலைச் சாத்திவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறார். நியாயமான பேச்சு. வழி விட்டதற்கு முதல் நன்றி அவருக்கு.

அடுத்து, ஸ்ரீராமபுரத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தித் தரும் பெரியவருக்கு. ஐயா, நீங்கள் பாறையில் ஓர் அடிகூட ஏறவில்லை. மேலே கயிற்றில் தொங்கியவர்கள் சுத்தியலால் தட்டத் தட்ட, கீழே துண்டை விரித்து உட்கார்ந்து ஒலியை மட்டும் கேட்டீர்கள். 30 போல்ட்டுக்கும் இடம் குறித்தது அந்தக் காதுதான்.

இது குளோஸ்பேட் கிரானைட். ராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட். கல்லுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. இறுகிய கல்தான். ஆனால் மேலே மூடிக் கிடந்ததெல்லாம் அரித்துப்போய்ப் பாரம் இறங்க இறங்க, வெங்காயத் தோல் மாதிரி தகடு தகடாகப் பிரிகிறது. வெயிலும் குளிரும் அந்தப் பிளவை மேலும் நெகிழ்த்தும். கண்ணுக்கு முழுக் கல்லாகத் தெரிவது, தட்டினால்தான் குட்டு உடையும். கணீர் என்றால் உள்வரை ஒரே கல். பொத்தென்றால் பின்னால் காற்று. இது எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவே, கணீரென்று தொடங்கிச் சட்டென்று அடங்கும் ஒலி ஒன்று உண்டு. எங்களுக்குப் பிடிபடாமலிருந்தது அதுதான். ஒரு சாண் தடிமனுள்ள தகடு அப்படித்தான் பேசும் என்றீர்கள். சோதிக்க ஒரு வழியும் காட்டினீர்கள்: தட்டும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி உள்ளங்கையைக் கல்லில் வை, கைக்கு அதிர்வு வந்தால் அது தனித் தகடு, நம்பாதே.

இரண்டாவது ரூட்டில் பழைய மூன்றாம் போல்ட் அப்படியொரு தகட்டில்தான் இருந்தது. புதியதை 40 செ.மீ. இடப்பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறோம். கயிற்றை மாட்ட (கிளிப் போட) எட்ட வேண்டியிருக்கும். எட்டவில்லை என்று யாரும் அதை மறுபடி வலப்பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

எஸ்.ஜே.பி. ரோட்டில் டிரில் வாடகைக்குக் கொடுக்கும் கடை அண்ணனுக்கு: இரண்டு பேட்டரிக்குத்தான் வாடகை வாங்கினீர்கள், பையில் மூன்றாவதும் இருந்தது. அது இல்லாவிட்டால் மூன்றாம் ரூட் பாதியில் நின்றிருக்கும். 18 வோல்ட் டிரில்லில், 10 மி.மீ. துளைக்கு, இந்தக் கல்லில் ஒரு பேட்டரி 10 துளையைத் தாண்டவில்லை. டிரில்லின் துளையிடும் பிட்டைப் பற்றி நீங்கள் எச்சரித்ததும் சரியாகவே நடந்தது. முனை தேய்ந்த பிட் துளையை இறுக்கமாகத் தோண்டுகிறது. போல்ட் பாதியில் நின்றுகொள்கிறது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் மரை நசுங்குகிறது. அதனால் பிட்டை முன்கூட்டியே மாற்றினோம். அடிக்கும் முன் நட்டை மரையின் தலைமட்டத்துக்குத் திருகி வைத்தோம், அடி நட்டில் விழட்டும் என்று.

துளைத் தூசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, இப்படி நாலு தடவை. மாவு மாதிரி தூசு உள்ளே தங்கினால் போல்ட்டின் விரியும் வளையம் கல்லைக் கவ்வாமல், நட்டைத் திருகத் திருகப் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். ஊதுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கிரானைட் தூசில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. கேட்காமலே நீங்கள் வைத்த முகமூடிகள் அதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. துளையைப் போல்ட்டின் நீளத்தைவிட ஆழமாகவே விட்டிருக்கிறோம். பல வருஷம் கழித்து மாற்ற வருபவர்கள் பழையதை உள்ளே அடித்து இறக்கி, மேலே பூசிவிடலாம்.

பீன்யா பட்டறை அண்ணனுக்கு நன்றி, எங்கள் ஆர்டரை மறுத்ததற்காக! இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, ஓட்டை போட்டு நாமே ஹேங்கர் (போல்ட்டில் பொருத்தும், கயிற்றுக் கொக்கி மாட்டும் தகடு) செய்தால் காசு மிச்சம் என்றுதான் வந்தோம். வளைவில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், யார் இழுத்துப் பார்த்துச் சொல்வது என்று கேட்டீர்கள். கடையில் வாங்கும் ஹேங்கருக்கு ஐரோப்பிய இ.என். 959 தரப்படி, பாறையோடு ஒட்டிய திசை இழுப்பில் 25 கிலோநியூட்டன் (சுமார் இரண்டரை டன் எடை) தாங்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. பட்டறைத் தகட்டுக்கு ஒரு கணக்கும் இல்லை. பழைய போல்ட்டுகளுக்கு வந்த கேடு வேறு. ஸ்டெயின்லெஸ் ஹேங்கரைத் துத்தநாகம் பூசிய போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். இரண்டு உலோகம் ஈரத்தில் ஒட்டி இருந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து, பிறகு இரும்பு துருவேறும். ஹேங்கர் பளபளவென்று இருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட் உள்ளே பாதியாகியிருந்தது. இப்போது போல்ட், ஹேங்கர், நட், வாஷர் நான்கும் ஸ்டெயின்லெஸ்.

ஹேங்கருக்குப் பதிலாக நீங்கள் செய்து கொடுத்தது ஒரு கவை: பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில், நுனியில் 9 மி.மீ. பிளவு. பழைய 8 மி.மீ. போல்ட்டின் கழுத்தில் அதைச் செருகி அடித்து நெம்பியதில், பெரும்பாலானவை முழுதாக வந்துவிட்டன. உடைந்து நின்றவற்றை உள்ளே அடித்து, எபாக்சிப் பசையில் அதே பாறையின் தூளைக் குழைத்துப் பூசினோம். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியவில்லை.

ஆடு மேய்க்கும் அஜ்ஜிக்கு (பாட்டிக்கு) இந்த மடலை யாராவது கன்னடத்தில் படித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் ரூட்டின் மேல் தொங்குபாறைக்கு அடியில் இருந்த பழுப்புக் கறையை நாங்கள் மழைநீர் வழிந்த தடம் என்றே நினைத்திருந்தோம். ஹெஜ்ஜேனு, நம் மலைத்தேனீ, விட்டுப்போன அடையின் மெழுகு அது என்றார் அஜ்ஜி. கூட்டம் போகும், மறுபடி பழைய இடத்துக்கே வரும். ஆகவே அடை இல்லாத மாதத்திலும் அந்தக் கறையை ஒட்டி ஆங்கர் வைக்கக் கூடாது என்று ஆங்கரை ஐந்து மீட்டர் கீழே இறக்கினோம்.

அவர் சொன்ன இன்னொன்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது. தேன்பருந்து வானத்தில் சுற்றினால் இறங்கிவிடு. பருந்து அடையைக் கொத்திவிட்டுப் பறந்துவிடும். கோபத்தில் கிளம்பும் தேனீக்குப் பருந்தும் ஒன்றுதான், கயிற்றில் தொங்கும் ஆளும் ஒன்றுதான். ஒன்று கொட்டினால் வாழைப்பழ வாசனை மாதிரி ஒரு நெடி கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. அடித்துக் கொல்வது அழைப்பைக் கூட்டும். ஏறுபவரை உடனே இறக்கிவிட்டு, கயிற்றை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓட வேண்டும். சிக்கல் என்னவென்றால், கீழே பெலே பிடிப்பவர், அதாவது ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவர், அதுவரை ஓட முடியாது. அதனால் முகத்தை மூடும் வலைத்தொப்பி ஒன்று பெலே பிடிப்பவர் இடுப்பிலேயே இருக்கட்டும். பையில் வைத்தால் உதவாது.

ஒரு ஞாயிறு முழுக்க முதலுதவி சொல்லிக் கொடுத்த நர்ஸ் அக்காவுக்கு: கொடுக்கை எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதே முக்கியம், நகத்தால் வழித்தாலும் போதும் என்று நீங்கள் சொன்னது பழைய சண்டை ஒன்றைத் தீர்த்துவைத்தது. உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலை உயர்த்து, மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார விடு, நடக்க விடாதே, 108-ஐ அழை. பாம்புக்கும் அதே அவசரம். கட்டு இறுக்காதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு. கண்ணாடி விரியன் இந்தப் பாறையடிச் சருகில் அடிக்கடி தென்படுவதால், கயிற்றை விரிக்கும் முன் கம்பால் ஒரு தட்டு.

நம்பர் பிளேட் கடைக்காரர் மூன்று மொழியில் எழுதித் தந்த அறிவிப்புத் தகடு இப்போது புளியமரத்தடியில் நிற்கிறது. அதில் இருப்பது: நான்காம் ரூட்டின் ஆங்கர் 28 மீட்டரில். ஏறி இறங்க 56 மீட்டர் கயிறு வேண்டும். 60 மீட்டர் கயிறே மட்டுமட்டு, 50 மீட்டர் கயிறு போதாது. கயிற்று நுனியில் முடிச்சுப் போடாமல் யாரையும் இறக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடி கேட்டால் இறங்கிவிடுங்கள்; கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பாறைப்பக்கம் போக வேண்டாம். மழை நின்றாலும், கறுப்புப் பாசித் தடத்தில் அன்றைக்கெல்லாம் கால் நிற்காது.

வலது ஓரத் திண்டில் கொம்பன் ஆந்தை முட்டையிடும் இடத்தைக் காட்டிக்கொடுத்த வனக்காவலருக்கும் நன்றி. அங்கே ஐந்தாவது ரூட் போடும் யோசனையைக் கைவிட்டோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் டாப் ரோப்கூட (உச்சியில் முன்பே கயிறு கட்டி ஏறுவதுகூட) வேண்டாம்.

பெரியவர் ஐயா, ஒரு விஷயம். உங்கள் அரைக் கிலோ சுத்தியல் எங்கள் பையோடு வந்துவிட்டது. பிடி ஆடிக்கொண்டிருந்ததால் ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறோம். ஞாயிறு காலை கடை திறப்பதற்குள் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
பண்டேக்குப் போகிறவர்கள்,
பெங்களூரு