கடன் வாங்கிக் கழித்தல்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதே. பேரன் கழித்தல் கணக்கு என்றாலே அழுகிறான் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் என் மூன்றாம் வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். கரும்பலகையில் எழுதிவிட்டு, "இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் பத்தைக் கடன் வாங்கு" என்றேன். நமக்கு நம் ஆசிரியர் சொன்ன அதே சொல். வேலைக்கு வந்த நாள் முதல் நானும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பாயில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்து, "அந்தப் பத்தை எப்போது டீச்சர் திருப்பிக் கொடுப்போம்?" என்று கேட்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "கொடுக்காவிட்டால் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொள்வார்களே" என்றாள்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. வாரத் தவணை கட்டும் நாள் எது, அன்று அம்மாவின் முகம் எப்படி இருக்கும், யார் வீட்டில் எதை அடகு வைத்தார்கள் என்பதெல்லாம் எட்டு வயதில் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. வாங்கிய கடனைத் திருப்பவே வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு சொல்கிறது. அவளுக்கு அது பொய்யாகத்தான் பட்டிருக்கும். புரியாமல் கேட்ட கேள்வி இல்லை அது. எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டதால் கேட்டது.

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது, பெட்டிக்கடைக்காரர் மகன் சொன்னான்: "இது கடன் இல்லை டீச்சர், சில்லறை மாற்றுவது." பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒரு ரூபாய் நாணயம் பத்து வாங்கினால் யாருக்கு யார் கடன்? பணம் நம்முடையதாகவே இருக்கிறது, உருவம்தான் மாறியிருக்கிறது. அத்தனை பிள்ளைகளும் அவன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆளுக்கொரு பிடி தென்னை ஈர்க்கு கொண்டுவரச் சொன்னேன். ஒரே அளவாக ஒடிப்பதற்கே ஒரு பாடவேளை போய்விட்டது. அதுவும் பாடம்தான், அளந்து அளந்து ஒடித்தார்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் போட்டோம். ஐந்து கட்டு, இரண்டு தனிக்குச்சி. ஏழு குச்சி எடுக்க வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. அந்தச் சிறுமியே ஒரு கட்டை அவிழ்த்தாள். பன்னிரண்டு குச்சி ஆயிற்று. ஏழு போக ஐந்து. மீதி நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. "இருபத்தைந்து! யாருக்கும் கொடுக்க வேண்டாம்!" என்று கத்தினாள் பார், அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று முதல் எங்கள் வகுப்பில் கடன் வாங்குவது இல்லை. 'கட்டை அவிழ்ப்பது' மட்டும்தான்.

பூச்சியம் நடுவில் வந்தால்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று உனக்கே தெரியும். 302-லிருந்து 145. நடு வீட்டில் ஒன்றும் இல்லை, யாரிடம் வாங்குவது? பழைய முறையில் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது அவர்கள் நூறு குச்சி உள்ள பெரிய கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துக் கட்டு ஆக்கினார்கள். அதில் ஒன்றை அவிழ்த்தார்கள். ஒன்பது கட்டும் பன்னிரண்டு குச்சியும் கண்ணெதிரே கிடந்தன. பூச்சியம் எப்படி ஒன்பது ஆனது என்று நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. 157 என்று தாங்களே எழுதினார்கள்.

அன்று மாலை உன் நினைவுதான். 1991-இல் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தின் தொண்டர்களாக நாம் அலைந்தோமே, அ, ஆ என்று தொடங்காமல் 'பட்டா', 'படி' என்று தொடங்கினோம். அரிக்கேன் விளக்கடியில், கல் உடைத்துக் காய்த்துப்போன விரலால் ஒரு பெண் 'பட்டா' என்ற சொல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள். சொந்த நிலம் இல்லாதவள். "இந்த ஒரு சொல்லுக்காகத்தான் எங்களை ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடக்க விடுகிறார்களா?" என்றாள். பிழைப்பில் புழங்கும் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று அன்று நமக்குப் புரிந்தது. பெரியவர்களுக்குப் பாடம் எழுதும்போது அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொல் தேர்ந்தோம். இந்தக் குழந்தைகளின் கணக்கில் 'கடன்' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அதுதான் எனக்கு வருத்தம்.

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது சுவரோரம் தாழ்வாகக் கட்டிய கரும்பலகைகள் இன்னும் இருக்கின்றன. தலைக்கு மேலே கம்பிப் பந்தலும் இருக்கிறது, படங்களைத் தொங்கவிடுகிறார்கள். பாடங்களின் படிகளைக் காட்டிய ஏணிப் படமும் அட்டைகளும் போய், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறோம். முறைகள் மாறட்டும், அதில் எனக்குக் குறையில்லை. விவரங்களைப் பதிவேற்றும் வேலை மட்டும் பிள்ளைகளோடு உட்காரும் நேரத்தைத் தின்கிறது. நல்லதையும் சொல்ல வேண்டும்: 2023 ஆகஸ்ட் முதல் எங்களுக்கும் காலை உணவு வந்துவிட்டது. பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும் பிள்ளை இப்போது இல்லை. அதன் அருமை வகுப்பில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

பேரனிடம் கடன் என்ற சொல்லையே எடுக்காதே. பத்து ரூபாயைச் சில்லறையாக மாற்றி அவன் கையில் கொடு. நோட்டில் எழுதுவது பிறகு ஆகட்டும். மே விடுமுறையில் அவனை இங்கே அழைத்து வா. கொல்லையில் மட்டைகள் விழுந்து கிடக்கின்றன, ஈர்க்கை அவனே கிழித்துக் கட்டட்டும். வரும் தேதியை முன்னதாக எழுது. திருச்சியிலிருந்து வரும் மாலை பஸ் இப்போது ஊருக்குள் வருவதில்லை, விலக்கு ரோட்டில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி