கோடு போட்டது கடலா, செயலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்ணோக்கியும் செயற்கை நுண்ணறிவும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் லென்சுக்கு எட்டாததை இனி இயந்திரம் பார்த்துச் சொல்லிவிடும் என்ற தொனி அதில் முழுக்க ஓடுகிறது. அங்கேதான் எனக்கு நெருடியது. லென்ஸ் கொடுத்ததை வைத்து இயந்திரம் ஊகிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊகத்துக்குக் கடிவாளம் போடும் இயற்பியலுக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் மண்டபத்தின் வடகடலில் முழங்கால் தண்ணீரில் நின்று துணியில் வடித்த வண்டலைக் கொண்டுவந்து என் பழைய நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். ஒருநாள் ஒரு டயட்டம் (கண்ணாடிபோன்ற ஓடுடைய ஒற்றைச்செல் பாசி) சிக்கியது. உயிர்போன வெறும் ஓடுதான். இரு முனையும் எதிரெதிர்ப் பக்கம் லேசாக வளைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் 10 மடங்கு லென்சில் வைத்து, மேலே செல்போனை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தான். ஓட்டின்மேல் ஒன்றும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். அதைப் படம் தெளிவாக்கும் ஒரு செயலியில் போட்டான். அடேயப்பா! நெய்த பாய்போல நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் நெருக்க நெருக்கமாகக் கோடுகள். “சார், ஜைரோசிக்மா!” என்று குதித்தான். பாடப்படி அவன் சொன்னது சரி. இப்படி வளைந்த டயட்டத்தில் கோடுகள் செங்குத்தாக வெட்டிக்கொண்டால் ஜைரோசிக்மா, சாய்வாக ஓடினால் புளூரோசிக்மா. எனக்குச் சந்தேகம். 40 மடங்கு லென்சுக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் ஐயமில்லை: சாய்கோடுகள். புளூரோசிக்மா.

செயலியைத் திட்டிப் பயனில்லை. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே கணக்குச் சொல்லிவிட்டார். லென்சின் பக்கவாட்டில் 10/0.25 என்று பொறித்திருக்கும்: 10 என்பது மடங்கு, 0.25 என்பது லென்ஸ் எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியை வாங்கும் என்பதன் அளவு. அந்த 0.25-ஐ இரட்டிப்பாக்கி, ஒளியின் அலைநீளத்தை அதால் வகுக்க வேண்டும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் விடை 1.1 மைக்ரான். அதைவிட நெருங்கிய கோடுகள் அந்த லென்சில் ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்த இன ஓடுகள் பலவற்றில் கோடுகளின் இடைவெளி சுமார் அரை மைக்ரான்தான். (லென்சின் தரத்தைச் சோதிக்கவே 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஓடுகளை வைத்துப் பார்த்தார்கள்.) ஆக, பையன் எடுத்த படத்தில் கோடுகளைப் பற்றிய தகவலே கிடையாது. 40/0.65 லென்சுக்கு அதே கணக்கு 0.42 வருகிறது. அதனால் மயிரிழையில் தெரிந்தது. செயலி எங்கெங்கோ பாயையும் துணியையும் பார்த்துப் பழகியிருக்கும் போல, இங்கேயும் ஒரு பாயை விரித்துவிட்டது.

கடிவாளம் எப்படிப் போடுகிறார்கள்? ஒரு புள்ளி வெளிச்சத்தை லென்ஸ் எவ்வளவு அப்பி, அதாவது பரப்பி மங்கலாக்கிக் காட்டும் என்பதை அளந்துவிடலாம். பிறகு, ஊகித்த படத்தை அதே அளவுக்கு அப்பி, எடுத்த படத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் திருத்தி மறுபடி பார்ப்பது. 1972-ல் ரிச்சர்ட்சனும் 1974-ல் லூசியும் தனித்தனியே சொன்ன வழி இது. 1990-ல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் ஆடியில் பிசகு தெரிந்தபோது, 1993-ல் அதைச் சரிசெய்யும்வரை இந்த மாதிரிக் கணக்குகள்தான் கைகொடுத்தன. இப்போது ஊகிப்பது நரம்பு வலையமைப்பு (படங்களைக் காட்டிப் பழக்கும் கணினி நிரல்), சரிபார்ப்பது இயற்பியல். இன்னொரு வகைக் கடிவாளமும் உண்டு: 2018-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் குறைந்த ஒளிப் படத்தையும் நல்ல ஒளிப் படத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டி ஒரு வலையமைப்பைப் பழக்கினார்கள். உயிருள்ள கருவின்மேல் அதிக வெளிச்சம் பாய்ச்சினால் அது தாங்காது என்பதற்காக. எந்த இடத்தில் தன் ஊகம் உறுதியில்லை என்பதையும் அது குறித்துக் காட்டும்.

அப்பிப் பார்க்கும் அந்தச் சரிபார்ப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. செயலி வரைந்த பாய்க்கோடுகளை 10 மடங்கு லென்சின் அளவுக்கு அப்பினால் சாம்பல்தான் வரும். சாய்கோடுகளை அப்பினாலும் அதே சாம்பல். இரண்டும் பாஸ்! அந்த இடத்தில் ‘இதற்குமேல் பேசாதே’ என்று நிறுத்தத்தான் இயற்பியலால் முடியும். இல்லையென்றால் தகவலை நிஜமாகவே கூடுதலாகச் சேகரிக்க வேண்டும். 2013-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் எல்.இ.டி. விளக்குகளை வெவ்வேறு கோணத்தில் ஒவ்வொன்றாக எரியவிட்டு, சாதாரண லென்சில் பல படங்கள் எடுத்து, கணக்கால் ஒன்றாக்கி நுணுக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கட்டுரையில் இதையும் காணோம்.

எங்கள் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டி, முகத்தில் கண்ணாடி மாட்டி முங்குவார்கள். முங்கியதும் எல்லாம் கால்வாசி தூரம் குறைந்து கிட்டத்தில் வந்து நிற்கும். புதிதாக வரும் பெண் மரிக்கொழுந்துப் பாசிக்குக் கை நீட்டினால் தண்ணீர்தான் சிக்கும். பல வருஷமாகப் போகிற ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: “கண்ணாடி கிட்டக்கக் காட்டும் சார், கல்லு தள்ளித்தான் கெடக்கும்.” பழக்கத்தில் வந்த அறிவு அது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பது அதற்குப் பின்னால் நிற்கும் விதி. கலங்கல் நாளில் கல்லே தெரியாதபோது அந்த அம்மா குத்துமதிப்பாகக் கை விடுவதில்லை, கரையேறிவிடுவார்.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பூங்கோரை (நாக்டிலூகா என்னும் ஒற்றைச்செல் மிதவை உயிர்) பரவிக் கடல் பச்சையானதும், மீனும் பவளமும் செத்ததும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாக்டிலூகா நல்ல பெரிசு, வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். அடுத்து வருவது அப்படி இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. அன்றைக்கு யாராவது செல்போனில் மெருகேற்றிய படத்தை அனுப்பி, நீங்களும் பெயரோடு போட்டுவிட்டால், இங்கே வலையைத் தூக்குவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் பேசுவார்கள்.

டயட்டத்தின் மூன்று படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன்: 10 மடங்கில் எடுத்தது, செயலி தந்தது, 40 மடங்கில் எடுத்தது. இடமிருந்தால் மூன்றையும் சேர்த்தே போடுங்கள். நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துப் போட்டுவிட வேண்டாம், பார்க்க அதுதான் அழகாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மண்டபம் கேம்ப், ராமநாதபுரம் மாவட்டம்