சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அம்மா

அன்புள்ள பாப்பா,

போன வாரம் போனில், "இருபது வருஷமா ஈஸ்ட்டை எண்ணியே காலம் போச்சும்மா, பேசாம ஊருக்கே வந்து உன்னைப் பாத்துக்கறேன்" என்றாய். எனக்குப் போனில் சட்டென்று பதில் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இங்கே படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் நுண்ணோக்கியில் காட்டினாயே, ஞாபகமிருக்கிறதா? ஈஸ்ட்டின் தாய் செல் மொட்டு விட விட, அதில் பிறந்த மகள் செல்லைக் கண்ணாடி ஊசியால் தள்ளிவிட்டு நோட்டில் ஒரு கோடு போட்டாய். இரவானால் தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவாய். குளிரில் அது பிரியாது, நாமும் தூங்கலாம் என்பாய். ஒரு தாய் 25 தடவை போல மொட்டு விட்டு ஓய்ந்துவிடும், 1959-லேயே மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் எண்ணிவிட்டார்கள் என்றாய். தேக்கா சந்தையில் வாங்கி ஆப்ப மாவில் போடுகிற ஈஸ்ட்டுக்குமா கிழடு தட்டும் என்று சிரித்தேன்.

வயதாக ஆக அதற்குள் டிஎன்ஏ வட்டங்கள் சேருமாம், அதை மகளுக்குத் தராமல் தானே வைத்துக்கொள்ளுமாம். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் ரொம்பக் கிழத் தாய்க்குப் பிறக்கும் மகளுக்கு ஆயுசு குறைவு என்றபோது சுருக்கென்றது. உன்னைப் பெறும்போது எனக்கு 38. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேத்தி காலத்துக்குள்ள சரியாயிடும்மா, இதெல்லாம் ஈஸ்ட்டுக்குத்தான்" என்று சமாளித்தாய்.

1999-ல் அமெரிக்க விஞ்ஞானி குவாரென்டியின் ஆய்வகத்தில் சர்2 மரபணுவைக் கூடுதலாக ஒன்று வைத்து ஈஸ்ட்டின் ஆயுளை நீட்டினார்களே, அதைப் படித்துத்தான் அமெரிக்கா போனாய். 2011-ல் புழுவிலும் ஈயிலும் அந்த ஆயுள் கணக்கு நிற்கவில்லை என்று மற்றவர்கள் எழுதியபோது இரண்டு நாள் நீ போன் எடுக்கவில்லை. சரி, புழுவில் நிற்கவில்லை. ஈஸ்ட்டில் நீ எண்ணியதைப் பொய் என்று யார் சொன்னார்கள்?

என்னைப் பார்க்க வா, பார்த்துக்கொள்ள வராதே. மின்தூக்கி வாசலிலேயே நிற்கிறது. மூட்டு வலிக்குப் பலதுறை மருந்தகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தினமும் கதவைத் தட்டிவிட்டுத்தான் கோப்பிக்கடைக்குப் போகிறார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் லீவு போடு. இப்போதெல்லாம் நான் கலக்கினால் ஆப்ப மாவு பொங்குவதே இல்லை. ஈஸ்ட் பழசா, என் கை பழசா, நீதான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மா