ஒன்பது பெயர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜூலை முதல் தேதி நீ சேவைச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்கிறாய் என்ற செய்தியை உன் கடிதத்தில் படித்ததும் மனம் நிறைந்துபோனது. அந்தப் பக்கத்தை மட்டும் நான்கைந்து முறை படித்தேன். இரண்டாம் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

“கடந்த ஆண்டு 11 பேர் சேர்ந்தார்கள், 9 பேர் விலகிவிட்டார்கள். இந்த ஆண்டு 20 பேரைச் சேர்ப்பதுதான் இலக்கு” என்று எழுதியிருக்கிறாய். பதினொன்று, ஒன்பது, இருபது. ஒருவர் பெயரைக்கூட நீ எழுதவில்லை. போன ஒன்பது பேரும் யார் யார், கண்ணே?

குற்றம் சொல்வதாக நினைக்காதே. இருபத்தாறு ஆண்டுகள் ஒரு சேவைச் சங்கத்தில் இருந்தவள் நான். அதில் ஆறு ஆண்டுகள் செயலாளர். நானும் ஆண்டறிக்கையில் இதே போலத்தான் கூட்டல் கழித்தல் கணக்கு எழுதினேன். அதனால் எதை இழந்தோம் என்பது எனக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. உனக்கு அப்படி ஆகக் கூடாது.

எங்கள் கூட்ட அறையின் வாசலில் ஒரு சிறிய மேசை இருக்கும். அதன்மேல் ஒரு நீளமான மரப்பெட்டி. அதில் எல்லா உறுப்பினர்களின் பெயர் அட்டைகளும் அகர வரிசையில் நிற்கும். வருகிறவர்கள் தங்கள் அட்டையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போவார்கள். முடிந்து போகும்போது திரும்பப் போட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டியை நான் ஒழுங்காக அடுக்கி வைப்பேன். தூசி துடைப்பேன். கூட்டம் தொடங்கிய பிறகு அதில் மிஞ்சி நிற்கும் அட்டைகள் எவை என்று பார்க்க மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த நாட்களில் ஒரு மின்பணியாளர் எங்கள் சங்கத்தில் சேர்ந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் அழைத்து வந்தார். உறுதிமொழி வாசித்தோம், கை தட்டினோம், சின்னத்தைச் சட்டையில் குத்தினோம், படம் எடுத்தோம். அதற்குப் பிறகு அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை, நாற்காலி போடுவதும் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பதும்தான். எட்டு மாதம் வந்தார். பிறகு அவருடைய அட்டை பெட்டியிலேயே நின்றது. ஒரு கூட்டம், இரண்டு கூட்டம், ஐந்து கூட்டம். அதை எடுத்துப் பெட்டியின் கடைசியில் செருகி வைத்தது நான்தான். அடுத்து, “சொந்த அலுவல் காரணமாக” என்று இரண்டு வரியில் ஒரு விலகல் கடிதம் வந்தது. அதைக் கோப்பில் வைத்தேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்தேன். ஏணியில் நின்று கூரை விளக்கின் ஒயரை மாற்றிக்கொண்டிருந்தார். கூலி வாங்காமல் செய்கிறார் என்று இல்லத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இறங்கி வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டு மரியாதையாகப் பேசினார். ஏன் எங்களை விட்டுப் போனீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். சங்கத்தில் சேர்ந்தபோது அவர் ஒரு தாள் எழுதி வைத்திருந்தாராம். தனியாக வசிக்கும் முதியவர்களின் வீடுகளில் ஒயரிங் எவ்வளவு அபாயமாக இருக்கிறது, எந்தெந்த வீடுகள், ஒவ்வொன்றுக்கும் என்ன சாமான் வேண்டும் என்று ஒரு பட்டியல். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் மூன்று கூட்டங்களுக்கு வந்திருக்கிறார். “உங்களுக்கு என்ன வேலை தெரியும், என்ன செய்ய ஆசை என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். நான்காவது கூட்டத்துக்கு அந்தத் தாளை எடுத்து வரவில்லை” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று முழுவதும் அந்தத் தாளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சங்கம் அந்த ஆண்டு புதிய சேவைத் திட்டம் எதுவும் கிடைக்கவில்லை என்று இரண்டு கூட்டங்களில் கவலையோடு பேசியிருந்தது. திட்டம் அதே அறையில் ஒருவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

அதன் பிறகு இரண்டு பழக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டேன். கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆனதும் வாசலுக்கு வந்து பெட்டியைப் பார்ப்பேன். எடுக்கப்படாத அட்டைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு அன்று இரவே தொலைபேசியில் பேசுவேன். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் விளக்கம் கேட்பது போலாகிவிடும். “இன்று உங்களைத் தேடினேன்” என்று மட்டும் சொல்வேன். மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு வேலை போயிருந்தது, சந்தா கட்ட முடியாமல் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தார். இன்னொருவர் பேசியதை ஒரு மூத்த உறுப்பினர் எல்லார் முன்னாலும் வெட்டிப் பேசியிருந்தார். இரண்டையும் சரிசெய்ய முடிந்தது, ஏனென்றால் இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் என்னிடம் விலகல் கடிதம்தான் இருந்திருக்கும்.

மற்றொன்று, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரோடும் முதல் மாதத்துக்குள் அரைமணி நேரம் தனியாக உட்காருவது. உங்களுக்கு என்ன தெரியும், இந்த ஊரில் எதைப் பார்த்தால் உங்களுக்கு மனம் பொறுக்கவில்லை என்று கேட்பேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதிலிருந்து ஒரு சிறிய வேலையை எடுத்து அவர் கையில் கொடுப்பேன். அது முப்பது நாளில் முடிந்துவிட வேண்டும், முடித்ததும் இது அவர் செய்தது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். உடனே பதவியைக் கொடுத்துவிடாதே மகளே. புதியவர் தலையில் ஒரு குழுத் தலைவர் பொறுப்பைச் சுமத்துவதும், அவரை நாற்காலி தூக்க மட்டும் விடுவதும் ஒரே அளவுக்குக் கெடுதல். மூச்சுத் திணறி ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ரோட்டரி என்ற சேவைச் சங்கம் எப்படிப் பிறந்தது என்று உன் பதவியேற்பு விழாவில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் மூன்று நண்பர்களும் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். பெரிய நகரத்தில் நட்புக்கு ஏங்கிய மனிதர் அவர். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயர் வந்தது. இவ்வளவுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த ஆண்டு நடந்தது. 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரை உறுப்பினராகச் சேர அழைத்தார்கள். சங்கத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார். நட்பும், ஒருவர் தொழிலுக்கு மற்றவர் உதவுவதும் என்றார்கள். தன் உறுப்பினர்களுக்கு மட்டும் நன்மை செய்கிற சங்கம் நிலைக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிச் சேர மறுத்துவிட்டார். அழைத்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நோக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதினார், சேர்ந்தார். 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்கும் முயற்சியில் அந்தச் சங்கம் இறங்கியது. அதுதான் அவர்களுடைய முதல் ஊர்ப்பணி.

பார், அந்தச் சங்கத்தைச் சேவைச் சங்கமாக்கியது, சேர மறுத்த ஒருவர். உன் அழைப்பை மறுக்கிறவர்களை எளிதில் விட்டுவிடாதே. அவர்கள் மனத்தை மாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஏன் மறுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள். ஒரே காரணத்தை மூன்று பேர் சொன்னால் அதைச் செயற்குழுவில் படித்துக் காட்டு.

விருந்தினராக வருகிறவர் உங்கள் சங்கம் என்ன செய்கிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்கிறீர்கள்? நீ அனுப்பிய ஆண்டறிக்கையில் பதினான்கு பணிகள் இருந்தன. எல்லாம் நல்ல பணிகள்தான், ஆனால் படித்து முடித்ததும் எனக்கே எதுவும் மனத்தில் நிற்கவில்லை. லயன்ஸ் என்கிற அரிமா சங்கத்தை மெல்வின் ஜோன்ஸ் தொடங்கியது 1917இல். எட்டு ஆண்டுகள் கழித்து, 1925இல், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நடந்த அவர்களுடைய மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்றுவரை அரிமா சங்கம் என்றால் கண் சிகிச்சை என்று ஊரில் எவரும் சொல்வார்கள். உங்கள் பதினான்கில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை விட வேண்டாம். ஊர் உங்களை அந்த ஒன்றால் அறியட்டும்.

அடுத்து, உன் கூட்ட அறையில் யார் இல்லை என்று ஒரு நாள் நிதானமாகப் பார். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் ரோட்டரி சங்கம் எட்டுப் பேராகச் சுருங்கிப்போனது. ரோட்டரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. 1977இல் அவர்கள் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களுடைய அங்கீகாரமே பறிபோனது. அவர்கள் விடவில்லை, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4 அன்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு அந்தச் சங்கத்துக்குத் தலைவரானவர் சில்வியா விட்லாக் என்ற பெண். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று சங்கங்கள் புலம்பிய அதே காலத்தில் பாதி ஊர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

நான் சேர்ந்தபோது எங்கள் சங்கத்தில் இருந்த ஒரே பெண் ஒரு பல் மருத்துவர். இரண்டாவது பெண் நான். உனக்கு அப்போது நான்கு வயது. இரண்டாவது கூட்டத்துக்கு உன்னை விட்டுவர ஆள் இல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். பாதியில் நீ தூங்கிவிட்டாய். நான் எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். அந்த மருத்துவர் பேச்சாளரைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடியே, பக்கத்தில் இருந்த இரண்டு நாற்காலிகளைச் சத்தம் இல்லாமல் காலால் இழுத்துச் சேர்த்தார். உன்னை அதில் படுக்கவைத்துத் தன் மேல்கோட்டைப் போர்த்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் போனபோது அந்த இரண்டு நாற்காலிகளும் சுவரோரம் சேர்த்தே போடப்பட்டிருந்தன. இருபத்தாறு ஆண்டுகள் ஏன் இருந்தாய் என்று நீ ஒருமுறை கேட்டாய் அல்லவா? அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உண்மையான பதில் இதுதான்.

ஆகையால் உங்கள் கூட்ட நேரம் யாருக்கு வசதி என்று யோசி. சிறு குழந்தை உள்ளவர்கள், இரவுப் பணிக்குப் போகிறவர்கள், வார நாட்களில் ஊரிலேயே இல்லாதவர்கள் எல்லாரும் சேவை செய்ய மனம் இல்லாதவர்கள் அல்லர். வாரம் தவறாமல் கூட வேண்டும் என்று இருந்த ரோட்டரியே 2016இல் அதைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று சங்கங்களுக்கு விட்டுவிட்டது. கூட்டத்தைச் சொன்ன நேரத்தில் தொடங்கு, சொன்ன நேரத்தில் முடி. உரைகளைக் குறை. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை.

இருபது என்ற அந்த இலக்கைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மேலிருந்து எண்ணிக்கை கேட்பார்கள். உறவினர்கள், அலுவலகத்தில் கீழே வேலை செய்கிறவர்கள் என்று பெயர்களை எழுதி, அவர்கள் சந்தாவையும் தாங்களே கட்டி, ஆண்டு முடிவில் கேடயம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அதைச் செய்யாதே. அடுத்து வரும் தலைவர் அந்தக் காகித உறுப்பினர்களை நீக்கி, நீக்கிக் களைத்துப்போவார். ஆறு பேரைச் சேர், ஆறு பேரும் அடுத்த ஜூலையில் இருக்கட்டும். அறிக்கையில் அது சிறிய எண்ணாகத் தெரிந்தால் தெரியட்டும். நான் உன் பக்கம் நிற்கிறேன்.

எல்லாரையும் தக்கவைக்க முடியாது என்பதும் உண்மை. வேலை மாற்றலாகிப் போவார்கள், உடம்பு முடியாமல் போகும், சிலர் இறந்தும் போவார்கள். போகிறவரை நன்றி சொல்லி வழியனுப்பு. ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் தங்கிவிடுகிறவர்களும் உண்டு, கேட்டுப் பார். மூத்தவர்களை ஒதுக்கிவிட்டு இளைஞர்களைப் பிடிக்கவும் கிளம்பாதே. ஒவ்வொரு புதியவருக்கும் பக்கத்தில் உட்கார ஒரு மூத்தவர் உனக்குத் தேவைப்படுவார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன ஆண்டு விலகிய ஒன்பது பேரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் என்ன வேலை செய்பவர், கடைசியாக எந்தக் கூட்டத்துக்கு வந்தார், அன்று அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று நினைவில் இருப்பதை எழுது. பெயர்கள் ஆறோ ஏழோ வந்து நின்றுவிட்டால் வருத்தப்படாதே. பழைய வருகைப் பதிவேடு செயலாளரிடம் இருக்கும், வாங்கிப் பார். பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிடு. திரும்ப வாருங்கள் என்று முதல் அழைப்பிலேயே கேட்க வேண்டாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது, ஒன்பது பேர் சொன்னதையும் எழுது.

அன்புடன்,
அம்மா