பாடத்திட்டக் குழுவுக்கு, கேரளத்தின் குளத்துப்புழையிலிருந்து

மதிப்பிற்குரிய அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களிடம் சர்வதேச உறவுகளும் ஒப்பீட்டு அரசியலும் படித்து முதுகலை முடித்தவள் நான். 1648 வெஸ்ட்பேலியா, 1815 வியன்னா, 1962 கியூபா என எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இலங்கையின் தோட்டத் தமிழர்கள் யாருக்கு என்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு வகுப்பில்கூட வரவில்லை. என் போன்றவர்கள் ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் பிறந்ததற்கே அதுதான் காரணம்.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பதினாறு ஆண்டுகள் கழித்து இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, பாகப்பிரிவினையில் பாத்திரம் பிரிப்பதுபோல் ஆட்களைப் பிரித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அரசின் இறையாண்மை என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

வந்தவர்களில் சிலர் நீலகிரியில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் 1976-இல் தொடங்கிய புனர்வாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ரப்பர் காடுகளுக்கு, குளத்துப்புழைக்கும் ஆயிரநல்லூருக்கும் வந்தார்கள். கொழுந்து பறித்த கைகள் ரப்பர் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தன. இன்னும் பலர் இலங்கையிலேயே, அட்டன், நுவரெலியாப் பக்கமே தங்கிவிட்டார்கள். ஒரே மொழி, ஒரே தொழில் பின்னணி, பல வீடுகளில் கூடப்பிறந்தவர்களே பிரிந்தவர்கள். ஆட்சி அமைப்பு மட்டும் வேறு. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க ஒன்று மட்டும் வேறுபடும் இடங்களை ஒப்பிட்டுக் காரணம் தேடும் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வேறுபாட்டு முறையை நடத்தும்போது கரும்பலகையில் அ, ஆ, இ என்று எழுதினீர்களே, அந்த எழுத்துகளுக்குப் பதில் இந்த ஊர்களை எழுதியிருக்கலாம். அட்டனில் தொழிற்சங்கமே கட்சியாகி, அதன் தலைவர் தொண்டமான் 1978-இல் இலங்கை அமைச்சரானார். இங்கே நாங்கள் வாக்குரிமையோடு வந்து, கேரளத்தின் இடது, ஐக்கிய ஜனநாயக முன்னணிகள் இரண்டின் கொடிகளுக்குக் கீழே கலந்துபோனோம். ஏன் இப்படி? இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. ஆய்வு செய்யத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பட்டியல் சாதி ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10 அன்று உங்கள் முன்னோர் எந்த மாநிலத்தில் இருந்தார்கள் என்று கேட்கிறார்கள். என் தாத்தா அன்று இலங்கையின் பதுளையில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஒப்பந்தம் தந்தது இந்தியக் குடியுரிமை. சலுகையோ மாநில வாரியாக இருக்கிறது. வெளியுறவுக் கொள்கையும் கூட்டாட்சியும் முட்டிக்கொள்ளும் இடம் எங்கள் காலனியின் சான்றிதழ் விண்ணப்பம்தான்.

இதை ஆய்வேட்டுக்குத் தலைப்பாகக் கொடுத்தபோது, "இது உள்ளூர் சமூகவியல்" என்று ஓர் ஆசிரியர் தள்ளிவிட்டார். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பற்றி எழுதச் சொன்னார். சரி என்று எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அந்த சார்க் 2014-க்குப் பிறகு ஓர் உச்சிமாநாடுகூட நடத்தவில்லை என்பது வேறு கதை.

முல்லைப்பெரியாறைச் சேர்க்கச் சொல்லவில்லை, வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த திருத்தத்தில் 1964, 1974 ஒப்பந்தங்களை ஒப்பீட்டு அரசியல் தாளில் ஓர் அலகாக வையுங்கள். ஆய்வேட்டில் தமிழ் ஆவணங்களையும் நேர்காணல்களையும் மூலச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். கப்பலேறி வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே மாணவர்களை இங்கே அனுப்புங்கள். மலையாளத்தில் கேட்டாலும் பதில் சொல்வார்கள். விடிகாலையில் மட்டும் வேண்டாம், வீட்டில் பாதிப்பேர் பால்வெட்டுக்குப் போயிருப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி