நான்காம் நாளில் எழுதிய நோய்ப்பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் 31 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். மருத்துவமனைச் சீட்டுகளைப் படிப்பதே என் பிழைப்பு. ஆனால் என் தம்பி மகனின் சீட்டைப் படித்த அன்று என் கை நடுங்கிவிட்டது.

சென்ற ஆடியில், 22 வயதுப் பையன், மூன்று இரவு தூங்காமல் வீட்டின் உள்முற்றமான வளவில் சுற்றிச் சுற்றி வந்தான். தேக்குத் தூணில் காதை வைத்து, "உள்ளே இருந்து என்னைத் திட்டுகிறார்கள், பெரியப்பா, நீங்களும் கேளுங்கள்" என்று என் தலையைப் பிடித்துத் தூணோடு அழுத்தினான். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். நான்காம் நாள் தந்த சீட்டில் 'மனச்சிதைவு, எஃப்20' என்று இருந்தது. மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரினியா; எஃப்20 அந்த நோயின் குறியீடு. கஞ்சா என்ற சொல்லே இல்லை.

அவன் விடுதியில் எட்டு மாதமாகப் புகைத்தது எங்களுக்குத் தெரியும். சட்டைப்பையில் கிடைத்த பொட்டலத்தைத் தம்பி மனைவி கிணற்றடியில் புதைத்துவிட்டாள். அவன் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்று மருத்துவரிடம் சொன்னவன் நான்தான். அந்தப் பொய் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. மருத்துவர்களும் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒரே ஒரு முறை கேட்டதோடு விட்டுவிட்டார்கள். பையனைத் தனியே விசாரிக்கவில்லை, சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யவில்லை.

கஞ்சாவால் வரும் மனநோய்க்கு எஃப்12.5 என்று வேறு குறியீடு உண்டு. மாயக் குரலும் சந்தேகமும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது நாள்கணக்குதான்: கடைசியாக எப்போது புகைத்தான், குரல் எப்போது தொடங்கியது, நிறுத்திய பிறகு குறைந்ததா என்பது. நிறுத்தி ஒரு மாதம் கடந்தும் நீடித்தால் வேறு நோயோ என்று பார்ப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாது. தினமும் புகைத்தவருக்கு நிறுத்திப் பல வாரம் ஆனாலும் அது கஞ்சாவைக் காட்டும். நோய்க்குக் காரணம் அதுதான் என்று சொல்லாது.

மதுரையில் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, பையனோடு முக்கால் மணி நேரம் பேசினார். தேதிகளை வரிசையாக எழுதி, 'தற்காலிகக் கணிப்பு, மறுபடி பார்க்க வேண்டும்' என்று குறித்தார். மூன்றாம் வாரம் குரல்கள் அடங்கின. அதற்காக மருந்தையும் மருத்துவரிடம் காட்டுவதையும் நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அது நியாயமே. கஞ்சாவால் மனநோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவோ, இருதுருவ நோயோ (பைபோலார்) வந்ததாக டென்மார்க்கில் 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

சீட்டு எழுதும் மருத்துவர்களே, அந்த மூன்று தேதிகளையும் எழுதுங்கள். உறுதியாகாததை உறுதியாகாதது என்றே எழுதுங்கள். பெற்றோரே, மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் நோயாகவே ஏற்கிறது. தன் மருத்துவப் பதிவுகளைப் பெற நோயாளிக்கு உரிமையும் தருகிறது. அந்த முதல் சீட்டைத் திருத்தித் தரச் சொல்லி, இம்முறை எல்லா உண்மையையும் எழுதி, சென்ற வாரம் விண்ணப்பித்திருக்கிறோம்.

பையனின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.